ஆம்னி இன்ஜினில் கை நுழையாத போல்ட்டுகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1984-இல் வந்து 2019 வரை தயாரிப்பில் இருந்த மாருதி ஆம்னி இன்னும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் இருப்பது முன்சீட்டுகளுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் மேல்பக்கம் தெரியும். மற்ற இடங்களில் விரல்தான் கண். இங்கே போல்ட்டின் முக்கு உருளாமல் வேலை முடிய வேண்டுமானால் முதலில் இடம் பண்ண வேண்டும். பலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

- பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் கரண்ட் இருக்கும். ஸ்பேனரின் மறுமுனை பாடியில் உரசினால் பொறி பறக்கும்.
- வழியை மறைக்கும் சீட், கவர், ஏர் கிளீனர், ஹோஸ் எல்லாவற்றையும் சோம்பல்படாமல் எடுத்து வையுங்கள். எந்த ஹோஸ் எங்கே என்று முன்னதாகவே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
- சைலன்சர் பக்கத்து நட்டுகளின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள்.
- இறுகிய போல்ட்டுக்கு ஆறு பட்டை சாக்கெட்டே நல்லது. பன்னிரண்டு பட்டை சாக்கெட் முக்கை ஒட்டியே பிடிப்பதால் சீக்கிரம் வழுக்கும்.
- ஸ்பேனர் சுற்ற இடமில்லையா? ஓப்பன் ஸ்பேனரின் வாய் 15 டிகிரி சாய்ந்திருக்கும். ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி இடமே போதும். ஆனால் முதல் இறுக்கத்தை ரிங் ஸ்பேனராலோ சாக்கெட்டாலோ உடைத்துவிட்டு இதற்கு வாருங்கள்.
- பக்கத்தில் இடமில்லாவிட்டால் தூரத்திலிருந்து வாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து மேல் போல்ட்டுகளுக்கு நீள எக்ஸ்டென்ஷன் ராடு கைகொடுக்கும். யுனிவர்சல் ஜாயிண்ட் தொளதொளவென்று ஆடினால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றுங்கள். வளையும், ஆனால் துவளாது.
- கார்புரேட்டரைக் கழற்றியதும் திறந்த வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷர் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வைக்கும்.
- திரும்பப் பூட்டும்போது சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நட்டு கீழே விழாமல் நிற்கும்.

செய்யக்கூடாதவை

- 10 நம்பர் ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுக்காதீர்கள். அந்த ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன்தான். அதை இறுக்க ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். பைப் போட்டால் தலை கையோடு வந்துவிடும்.
- இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாதீர்கள். ஹெட் அலுமினியம், மரை உரிந்து வரும். சூடான சைலன்சர் மேல் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள்.
- பெட்ரோல் ஹோஸோ எல்பிஜி கிட்டோ பக்கத்தில் இருக்கும்போது தீயைக் காட்டி போல்ட்டை இளக்கப் பார்க்காதீர்கள்.
- ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.
- கண்ணாடியில் பார்த்தோ பின்பக்கமிருந்தோ கை விடும்போது திசையை ஊகிக்காதீர்கள். போல்ட்டின் தலைக்கு நேரே நிற்பதாக நினைத்து இடம், வலம் பாருங்கள். கழற்றுவதாக நினைத்து இறுக்கித்தான் பல போல்ட்டுகள் முறிகின்றன.
- எடுத்த எடுப்பில் ஸ்பேனரால் பூட்டாதீர்கள். விரலால் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் மரை ‘டக்’கென்று உட்காரும், அங்கிருந்து மூன்று சுற்று கையால் ஏறிய பிறகே ஸ்பேனர்.
- ஒருமுறை வழுக்கிய போல்ட்டில் அதே ஸ்பேனரை மறுபடி போடாதீர்கள். ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் லைனை அப்புறப்படுத்திய பிறகு, உருண்ட தலைமேல் ஒரு நட்டை ஒட்டவைத்துத் திருப்புவார். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடியும் விட்டுப்போகும்.