மலைப்பாதையும் ஆபத்துச் சரக்கும்

மலைநாட்டு வாழ்வு பாதையை நம்பிய வாழ்வாகும். கொழுந்து தொழிற்சாலையை அடைவதும், தேயிலை கொழும்புக்கு இறங்குவதும், அரிசியும் மாவும் தோட்டத்துக்கு ஏறுவதும் பாதை வழியாகவே நிகழ்கின்றன. அதே பாதையிலேதான் பெற்றோலும் டீசலும், சமையல் எரிவாயுச் சிலிண்டர்களும், களைகொல்லி பீடைகொல்லி மருந்துகளும், பற்றரி அமிலமும் நம்மிடம் வருகின்றன. கொட்டகலை எண்ணெய்க் களஞ்சியம் இரயிற் பாதையை அடுத்து அமைந்தது. ஆயினும் களஞ்சியத்துக்கு அப்பால் எரிபொருள் செல்லும் வழி தார்ப்பாதையே. இவையின்றி இக்காலத்தில் தோட்டமும் நகரமும் இயங்கமாட்டா. ஆதலின் இவற்றை வெறுத்து ஒதுக்குதல் நமது நோக்கமன்று. இவற்றைக் கொண்டுசெல்லும் முறையைக் கற்றலே நோக்கம்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஒரு பொருளின் பெயரை அறியாதவன் அதன் குணத்தை அறியான். குணத்தை அறியாதவன் அதனிடமிருந்து தன்னையும் பிறரையும் காக்கமாட்டான். ஆகவே இப்பாடம் எழுத்தறிவோடு நெருங்கிய தொடர்புடையதென்பது நமது துணிபு.

ஆபத்துச் சரக்கு யாது?

உலக நாடுகள் பலவும் பின்பற்றும் பகுப்பு ஒன்று உளது. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு வகுத்த பரிந்துரைகள் 1956இல் முதன்முதலாக வெளிவந்தன. இன்று வழங்கும் முறைப்படி ஆபத்துச் சரக்குகள் 9 வகுப்புகளாம்: வெடிபொருள், வாயு, எரியுந் திரவம், எரியுந் திண்மம், ஒட்சியேற்றும் பொருள், நஞ்சும் தொற்றுப்பொருளும், கதிர்வீசும் பொருள், அரிக்கும் பொருள், ஏனையவை என்பன. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. டீசலுக்கு 1202, பெற்றோலுக்கு 1203, மண்ணெண்ணெய்க்கு 1223. மொழி தெரியாத நாட்டிலும் அவ்வெண்ணைக் கண்ட தீயணைப்பு வீரர் பொருளை அறிந்துகொள்வர். பெயர்ப்பலகை வண்டிக்கு அணிகலனன்று. அது வண்டி பேசும் மொழியாகும்.

மலையின் இயல்பு

சமவெளிக்கு எழுதிய விதிகள் மலைக்கும் பொருந்தும். ஆயினும் மலைக்கென்று சிறப்பாக அறியவேண்டுவன மூன்று உள.

முதலாவது, இறக்கம். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தை அடைகின்றது. ஏறியது இறங்கவும் வேண்டும். பிறேக்கை ஓயாது மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியதோ அந்தத் தாழ்ந்த கியரிலேயே இறங்குதல் பழைய சாரதிகள் கைக்கொண்ட நல்விதி. மேலும், பாதி நிரம்பிய தாங்கியிலுள்ள திரவம் வளைவுதோறும் ஒருபக்கம் சாய்ந்து வண்டியையும் உடன் சாய்க்கும். வளைவுக்குள் நுழையுமுன்னரே வேகத்தைக் குறைப்பது இதுபற்றியே.

இரண்டாவது, ஆவியின் போக்கு. பெற்றோலின் ஆவி காற்றினும் மும்மடங்குக்கு மேற் பாரமானது. சமையல் எரிவாயுவும் காற்றினும் ஒன்றரை முதல் இருமடங்கு பாரமுடையது. ஆகவே இவை புகைபோல மேலெழாமல் தண்ணீர்போலப் பள்ளத்தை நாடும். நமது பாதைகளுக்குக் கீழே பல இடங்களில் லயன் வரிசைகள் உள்ளன. அவற்றில் விறகடுப்புகள் எரிகின்றன. பாதையிற் கசிந்த வாயு கான் வழியே இறங்கி அடுப்படியை அடையக்கூடுமென்பதைச் சாரதி மட்டுமன்றி லயத்தில் வாழ்வோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நீரின் போக்கு. ஹற்றனை அடுத்துள்ள மலைமுகடு இரண்டு பேராறுகளைப் பிரிப்பது. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து நீர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிற் சேர்ந்து களனி கங்கையாகக் கொழும்பை நோக்கிச் செல்கின்றது; அம்பத்தளையில் அதனை எடுத்துத் தலைநகர மக்களுக்குக் குடிநீராக்குகின்றனர். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியை அடைகின்றது. வளைவொன்றில் உருண்ட ஒரு பீப்பாய் மருந்து இவ்விரு திசைகளுள் ஏதேனுமொன்றை நஞ்சாக்கக்கூடும். சிந்திய மருந்தைத் தண்ணீர் ஊற்றிக் கானுக்குள் கழுவிவிடுதல் துப்புரவுபோலத் தோன்றினும் பெருந்தீங்காம். மண்ணாலோ மரத்தூளாலோ அணைகட்டி உறிஞ்சச் செய்து, கையுறை அணிந்து அள்ளி, மூடிய கலத்தில் அடைத்தலே முறை.

சேர்க்கத் தகாதவை

ஆபத்துச் சரக்கை ஏற்றும்போது முதல் விதி தனிமை. நஞ்சு ஏற்றும் வண்டியில் உணவு ஏற்றலாகாது. இதனை உலகுக்கு உணர்த்திய துயரம் நமக்கு அயலிலேயே நேர்ந்தது. 1958இற் கேரளத்தில் பரத்தியன் என்னும் பூச்சிமருந்து கப்பற் பயணத்தில் உணவுப் பொருள்களோடு கலந்துவிட, கோதுமை மாவு முதலியவற்றை உண்டவர்களுள் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எவரும் எவரையும் கொல்ல நினைத்தாரல்லர். மூட்டைக்கருகே கலத்தை வைத்தனர், அவ்வளவே. அங்கே கப்பலில் நேர்ந்தது இங்கே லொறியிலும் நேரக்கூடும். நகரிலிருந்து திரும்பும் தோட்ட லொறி ஒரே சுற்றில் மாவையும் மருந்தையும் ஏற்றிவருதல் சிக்கனம் போலத் தோன்றலாம். அச்சிக்கனம் நமக்கு வேண்டா.

ஆட்களும் அவ்வாறே. மருந்துக் கலங்களின்மேல் அமர்ந்து தொழிலாளர் செல்லும் காட்சியை மலைப்பாதைகளில் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். நஞ்சு வாயால் மட்டும் உட்புகுவதன்று. தோலாலும் மூச்சாலும் புகும். வெற்றுக் கலமும் வெறுமையானதன்று. அதிற் குடிநீர் எடுத்தல் ஒருபோதும் ஆகாது.

எரிவாயுச் சிலிண்டர்களை நிமிர்த்தி நிறுத்திக் கட்டுதல் வேண்டும். படுத்த சிலிண்டரின் வாயில் ஆவிக்குப் பதிலாகத் திரவம் வந்து நிற்கும். அத்திரவம் கசியின் ஏறத்தாழ 250 மடங்கு வாயுவாக விரியும். பெற்றோலைப் பிளாஸ்ரிக் கலன்களிற் பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் எடுத்துச் செல்லுதலும் அத்தகைய கேடே. 2022இல் எரிபொருட் பஞ்சம் நேர்ந்த மாதங்களில் அக்கலன்கள் வீடுகளுக்குள்ளும் புகுந்ததை நாம் மறந்தோமல்லோம்.

விபத்து நேர்ந்த பின்னர்

மூன்று நிகழ்ச்சிகளை ஒப்புநோக்குதல் பயன்தரும்.

2012 ஆகஸ்ட் 27ஆந் திகதி இரவு, கேரளத்துக் கண்ணூரை அடுத்த சாலா என்னும் ஊரில் எரிவாயு ஏற்றிய தாங்கி வீதித் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. வாயு வீடுகளிடையே பரவித் தீப்பற்றியதில் 20 பேர் இறந்தனர். 2017 யூன் 25ஆந் திகதி, பாகிஸ்தானில் அகமதுபூர் என்னும் ஊருக்கருகே பெற்றோற் பவுசர் கவிழ்ந்தது. வழிந்த எண்ணெயை அள்ளச் சட்டியும் வாளியும் ஏந்தி ஊர் திரண்டது. தீ மூண்டு 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வறுமை அவர்களை அழைத்தது. பொருளின் குணம் அறியாமை அவர்களைக் கொன்றது.

மூன்றாவது நிகழ்ச்சி ஆறுதல் தருவது. 2025 சனவரி 3ஆந் திகதி அதிகாலையிற் கோயம்புத்தூர் அவிநாசிச் சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 தொன் எரிவாயுவோடு வந்த தாங்கி கவிழ்ந்து கசியத் தொடங்கியது. போக்குவரத்தைத் தடுத்தனர், அயலிலுள்ள பாடசாலைகளுக்கு விடுமுறை அளித்தனர், இடைவிடாது நீர் பாய்ச்சினர், கசிவை அடக்கித் தாங்கியை அகற்றினர். ஓர் உயிரும் போகவில்லை. பொருளின் பெயரும் குணமும் செய்யவேண்டுவதும் தெரிந்தவர்கள் காலத்தில் வந்து சேர்ந்தமையே இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம்.

மொழியின் இடம்

இனி, நாம் முதலிற் கூறிய எழுத்தறிவுக்கு வருவோம். 1957இல் ஜெனீவாவிற் கைச்சாத்தான, ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் ஆபத்துச் சரக்குப் போக்குவரத்து உடன்படிக்கை ஒரு விதியை வற்புறுத்துகின்றது: விபத்துக்கால அறிவுறுத்தல், வண்டியிலுள்ள ஒவ்வொருவரும் வாசித்து விளங்கிக்கொள்ளும் மொழியில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும், இத்தகைய வண்டியோட்டுவோர் ஆங்கிலத்தோடு இந்திய மொழியொன்றையேனும் எழுதவும் வாசிக்கவும் வல்லவராதல் வேண்டுமென்றும், தனிப்பயிற்சி பெறவேண்டுமென்றும் விதிக்கின்றன. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்துகின்றது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சட்டத்தில் மொழி இருத்தல் வேறு. சாரதியின் ஆசனத்தருகே அது இருத்தல் வேறு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய தாள், அதனை வாசிக்கமாட்டாதவன் கையில் வெறுந்தாளேயாம்.

ஆதலின் ஒவ்வொரு வண்டியிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் ஒட்டப்படவேண்டும். அதன் நடை இக்கட்டுரையின் நடையாக இருத்தலாகாது. பிரட்டுக்களத்திற் பேசும் தமிழுக்கு அணித்தாகவும், பதற்றத்தில் ஒருமுறை வாசித்தாற் போதுமானதாகவும் இருத்தல் வேண்டும். மாதிரி ஒன்று தருகின்றோம்:

இந்த வண்டியில் இருப்பது பெற்றோல். எண் 1203.
தீப்பொறி பட்டால் உடனே பற்றும். ஆவி பள்ளத்துக்கு ஓடும்.
வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.
காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போங்கள். கீழே உள்ள லயத்துக்கு ஆள் அனுப்புங்கள்.
எண்ணெயை யாரும் அள்ளக் கூடாது.
தூரத்தில் நின்று தொலைபேசி எடுங்கள்: பொலிஸ் 119, தீயணைப்பு 110, அம்பியூலன்ஸ் 1990.

இவ்வாறே எரிவாயுவுக்கும் மருந்துக்கும் அமிலத்துக்கும் தனித்தனித் தாள்கள் எழுதலாம். குணம் வேறாதலின் ஒன்றற்கு எழுதியது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

நமது கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் தோட்ட அலுவலகங்களிற் கணக்கெழுதுகின்றனர். சிலர் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கடை நடத்துகின்றனர். சிலர் லொறி உரிமையாளர், சிலர் சாரதிகள். சரக்கை ஏற்ற ஆணையிடுவோரும், ஏற்றுவோரும், இறக்குவோரும் நம்மவரே. தத்தம் வண்டிக்குரிய தாளை அவர்கள் இவ்விழா ஆண்டிலேயே எழுதி ஒட்டுவாராக. மாணவர்காள், நீங்கள் இன்றிரவு வீட்டிலுள்ள மருந்துக் கலத்தின் மேலெழுதியதைப் பெற்றோர் கேட்க உரக்க வாசியுங்கள். விளங்காத சொல்லிருப்பின் நாளை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அச்சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.