பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வரும் தெளிவின்மை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாவதற்கும் கல்லூரிச் சேர்க்கை முடிவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களில், பதினேழு வயது நிரம்பிய ஒருவர் தம் வாழ்நாள் தொழிலைத் தீர்மானித்துவிட வேண்டும் என்று குடும்பமும் ஊரும் எதிர்பார்க்கின்றன. இந்த எதிர்பார்ப்பு அப்படியொன்றும் பழமையானதன்று. கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்த 1978க்குப் பிறகும், குறிப்பாக 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையில் பொறியியல் கலந்தாய்வைத் தொடங்கிய பிறகுமே அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஆயினும், அதைச் சுற்றி எழுந்த கருத்துகள் தொன்றுதொட்டு வந்த அறிவுரைகளைப் போலவே உறவினர் வாயிலாகப் பரவுகின்றன.

நம்பிக்கை: என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளைக்குப் பொறுப்பில்லை

தெளிவின்மை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியிருப்பதைக் கவனிக்காததால் எழுந்த தீர்ப்பு இது. இத்தமார் காட்டி, மினா கிராவுஸ், சாமுவேல் ஒசிப்போ ஆகிய மூவரும் 1996இல் வெளியிட்ட வகைப்பாடு, தொழில்தேர்வில் தோன்றும் இடர்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதலாவது, முடிவெடுக்கத் தொடங்கும் முன்னரே இருக்கும் ஆயத்தக் குறைவு. எதிலும் முடிவெடுக்கத் தயங்கும் இயல்பும், தொழில் பற்றிய தவறான நம்பிக்கைகளும் இதனுள் அடங்கும். இரண்டாவது, தம்மைப் பற்றியோ தொழில்களைப் பற்றியோ போதிய தகவல் இல்லாமை. மூன்றாவது, கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று முரண்படுதல். மாணவரின் விருப்பமும் பெற்றோரின் விருப்பமும் மோதுவது இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு.

இப்பிரிவினையின் பயன், மருந்து ஒன்றாக இருக்க முடியாது என்பதை அது காட்டுவதில்தான் உள்ளது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் ஒரு மாணவருக்கு ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், காவலர், வங்கி ஊழியர் ஆகியோரைத் தவிர வேறு தொழிலரைக் காணும் வாய்ப்பே இல்லாதிருந்தால், அவருக்குக் குறைவது தகவலேயன்றிப் பொறுப்பன்று. அவரிடம் ஊக்க உரை நிகழ்த்துவது பசித்தவருக்குப் பசியின் சிறப்பை விளக்குவதற்கு ஒப்பாகும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதல் ஒரு கூறாக வைக்கப்பட்டது இந்த இரண்டாம் தொகுதி இடரைக் கருதியே எனலாம். அதற்கு மாறாக, எல்லாத் தகவலும் கையில் இருந்தும் வீட்டு விருப்பத்துக்கும் தம் விருப்பத்துக்கும் இடையே சிக்கியவருக்கு மேலும் பத்துக் கையேடுகளைக் கொடுப்பதால் எதுவும் நகராது. அங்கே பேச வேண்டியவர்கள் பெற்றோர்.

நம்பிக்கை: ஒவ்வொருவருக்கும் உரிய தொழில் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்

இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாஸ்டன் நகரில் 1908இல் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றை அமைத்த ஃபிராங்க் பார்சன்ஸ், தம் இயல்பை அறிதல், தொழில்களின் தேவைகளை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை வகுத்தார்; அவர் மறைந்த பின் 1909இல் வெளியான நூல் அவற்றைப் பரப்பியது. அவரே சொல்லாத ஒன்றை, அதாவது பூட்டுக்குச் சாவி போல ஆளுக்கு ஒரே தொழில்தான் பொருந்தும் என்பதை, பின்வந்தோர் அதிலிருந்து வருவித்துக்கொண்டனர். ஆர்வங்களை ஆறு வகைகளாகப் பிரித்த, இன்று பள்ளிகளில் நடத்தப்படும் பல ஆர்வத் தேர்வுகளுக்கு அடிப்படையான ஜான் ஹாலண்டின் முறையிலும்கூட, ஒரு வகைக்குள் பல தொழில்கள் அடங்குமேயன்றி ஒரே பெயர் விடையாக வருவதில்லை.

ஆர்வம் என்பது உள்ளே ஒளிந்திருந்து ஒருநாள் வெளிப்படும் பொருள் என்று கொள்வதும் ஆபத்தானது. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் மாறாத ஒன்று என்று நம்பியவர்கள், புதிதாக ஈர்த்த பாடம் கடினமானவுடன் அதில் நாட்டம் இழப்பது மிகுதியாகக் காணப்பட்டது. ஆர்வம் வளர்க்கப்படுவது என்று கருதியவர்களிடம் அந்தச் சரிவு குறைவாக இருந்தது. அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் அது தமக்குரிய துறையன்று என உணர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படிக்கச் சென்றார். பள்ளி விழாக்களில் அவர் பெயர் ‘சிறுவயதிலேயே கனவு காண்க’ என்பதற்குச் சான்றாகப் பயன்படுவது சற்று வியப்புக்குரியது.

நம்பிக்கை: கட்-ஆஃப் உயர்ந்த படிப்பே எதிர்காலம் உள்ள படிப்பு

கட்-ஆஃப் என்ற சொல் இங்கே இரு பொருளில் வழங்குகிறது. ஒன்று, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மாணவரின் கூட்டு மதிப்பெண்; மற்றொன்று, சென்ற ஆண்டில் ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நிரம்பியது என்பது. இரண்டாவது எண் அப்பிரிவைக் கேட்டவர்கள் எவ்வளவு பேர் என்பதைக் காட்டுமே தவிர, பாடத்தின் தரத்தையோ நான்காண்டுக்குப் பின் வரும் வேலையையோ காட்டாது. ஆகவே ‘இந்த மார்க்குக்கு இதை எடுத்தால் வீண்’ என்ற வாதம் மதிப்பெண்ணைக் கையிருப்புப் பணமாகவும், அதைக் கொண்டு விலை உயர்ந்ததையே வாங்கியாக வேண்டும் என்றும் எண்ணுவதன் விளைவு.

சந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பொருளியலாளர் ரிச்சர்ட் ஃபிரீமன் 1976இல் அமெரிக்கப் பொறியாளர்களை வைத்து விளக்கிய சிலந்திவலை மாதிரி இதைச் சொல்கிறது: ஊதியம் உயர்ந்திருக்கும் ஆண்டில் பலர் அத்துறையில் சேர, அவர்கள் அனைவரும் படிப்பு முடித்து ஒரே நேரத்தில் வெளிவரும்போது வேலைக்கு ஆள் மிகுந்து ஊதியம் இறங்குகிறது, அதைக் கண்டு அடுத்தவர் விலக, சில ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டு ஊதியம் மீண்டும் ஏறுகிறது. இயந்திரவியலுக்கு அலைமோதிய தமிழ்நாட்டுக் கூட்டம் பின்னர் கணினி அறிவியலுக்குத் திரும்பியதைக் கண்டவர்களுக்கு இதன் உருவம் புதிதாக இராது.

நம்பிக்கை: பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப் தலையெழுத்தை எழுதிவிடுகிறது

இதில் பாதி உண்மை உண்டு. கணிதம் படிக்காத வணிகவியல் மாணவருக்குப் பொறியியலும், உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவமும் எளிதில் கிட்டா. ஆனால் மூடிய கதவுகள் இவ்வாறு எண்ணிச் சொல்லத்தக்க சிலவே. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும், பட்டயக் கணக்காளர் படிப்பின் தொடக்கத் தேர்வுக்கும் எந்தக் குரூப் படித்தவரும் செல்லலாம். குடிமைப் பணித் தேர்வு கேட்பது ஏதேனும் ஒரு பட்டத்தை மட்டுமே. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் இணைய வழியில் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்தவரையும் தகுதிச் சுற்றுக்கு ஏற்கிறது.

குறைவாக அறியப்பட்ட வழி ஏணியாக அமைந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ‘லேட்டரல் என்ட்ரி’ எனப்படும் இந்தச் சேர்க்கைக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. பட்டதாரிகளும் அதில் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ.யைத் தோற்றவர்கள் ஒதுங்கும் இடமாக நினைக்கும் வழக்கம் இந்த ஏணியைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

நம்பிக்கை: ஓராண்டு போனால் வாழ்க்கை போயிற்று, சேர்ந்த இடத்தை விட்டால் பணமும் சான்றிதழும் போயின

முற்பகுதியை முழுப்பொய் என்று தள்ளுவது நேர்மையாகாது. சில பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் கல்வி இடைவெளிக்கு வரம்பு வைப்பதுண்டு. இலக்கின்றிக் கழியும் ஓராண்டு குழப்பத்தைக் குறைப்பதில்லை, வீட்டுக்குள் அழுத்தத்தையே கூட்டுகிறது. ஆயினும், குறிப்பிட்ட தேர்வுக்குப் படிக்கவோ, ஒரு தொழிலை அருகிருந்து பார்க்கவோ, வேலைக்குச் சென்று கல்லூரிச் செலவுக்குச் சேர்க்கவோ செலவிட்ட ஓராண்டையும், விருப்பமற்ற படிப்பில் அரியர்களோடு கழியும் நான்காண்டுகளையும் ஒரே தராசில் நிறுப்பவர் கணக்கில் தவறுகிறார்.

பிற்பகுதியோ விதிக்கே முரணானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின்போது சரிபார்த்த பின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்கான இறுதி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகுவோருக்கு, சிறு செயற்பாட்டுக் கட்டணம் நீங்கலாக, முழுக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். அதன் பின் 90, 80, 50 விழுக்காடு என அத்தொகை படிப்படியாகக் குறைந்து, இறுதி நாளிலிருந்து முப்பது நாள் கடந்தபின் ஏதும் கிடைக்காது. எனவே, சேர்ந்த படிப்பு தமக்குரியதா என்ற ஐயம் உள்ளவர் முதலில் கேட்டறிய வேண்டிய தேதி, அக்கல்லூரி அறிவித்த சேர்க்கையின் இறுதி நாள்.