சிவப்பணு வற்றினால் பிள்ளைக்கு வலி



மாங்காயை உப்பில் ஊறப்போட்டால் தண்ணி விட்டுச் சுருங்குகிறதல்லவா? உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். நம் இரத்தத்தின் சிவப்பணுவுக்கும் இதே விதிதான். அதன் சவ்வில் ஒரு பம்பு உண்டு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதனால்தான் அணு ஊதி வெடிக்காமல் சுமார் 120 நாள் உழைக்கிறது.

அரிவாள் செல் சோகை உள்ளவருக்கு ஹீமோகுளோபின் பிறவியிலேயே மாறியிருக்கும். சவ்வு கெட்டுப் பொட்டாசியம் கசியும். கூடவே தண்ணீரும் போய்விடும். வற்ற வற்ற அணு அரிவாள்போல் வளைந்து சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும். பிள்ளை வலியால் துடிக்கும்.

இந்தியாவில் இந்நோய் முதலில் 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது.

“நாங்க நல்லாத்தானே இருக்கோம், எங்களுக்கு எதுக்கு டெஸ்ட்டு?” என்று இருந்துவிடாதீர்கள். நோயின் கூறு இருந்தாலும் வெளியே தெரியாது. இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாயும் தகப்பனும் சேர்ந்தே கொடுப்பது இது. மனைவியை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

கருத்தரிக்கும் முன்பே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நோயுள்ள பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கடும் வலி கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.

இன்றே உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.