கணையத்தில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?



மேல்வயிற்றில் வலி, அது முதுகுக்கும் போகிறது. சாப்பாடு பிடிக்கவில்லை, உடம்பு இளைக்கிறது, கண் மஞ்சளாகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கணையத்தில் கட்டி! உடனே, "புற்றுநோய்தான், இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அபூர்வமாக, மருந்தால் குணமாகக்கூடிய கிருமி நோயும் இதே வேஷம் போடும்.

கணையம் எது? இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரையும், இரத்தச் சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரப்பது இதுதான். உள்ளே ஆழத்தில் இருப்பதால், அங்கே இருப்பது சீழா, புற்றா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது சில சமயம் டாக்டருக்கே கஷ்டம்.

இப்படி ஏமாற்றும் கிருமிகளில் ஒன்று காசநோய்க் கிருமி. இன்னொன்று மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி. 1911-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு டாக்டர்கள் இந்த நோயைக் கண்டார்கள். 1921-இல் இதற்குப் பெயர் வைத்தவர்கள் நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த ஸ்டான்டனும் பிளெட்சரும்.

இந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. கால் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். பெருமழைக் காலத்தில் மூச்சோடும், காய்ச்சாத தண்ணீரோடும் போகும். நுரையீரல், ஈரல், மண்ணீரலில் சீழ் வைப்பதுதான் அதிகம். கணையத்தில் வருவது அரிது. இனிப்புநீர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், அளவு மீறிக் குடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிலருக்கு உடம்பில் பல வருஷம் ஒளிந்திருந்து பிறகு கிளம்பும். ஆகவே தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ குடிபோனவர்களும் பழைய வேலையை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா, இனிப்புநீர் உண்டா, மண்ணில் வேலையா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

2. "ஊசி குத்தினால் கட்டி பரவிடும்" என்று பயந்து சோதனையை மறுக்காதீர்கள். கட்டியிலிருந்து சிறிது எடுத்துப் பார்த்தால்தான் புற்றா, கிருமியா என்று தெரியும். "இதையும் இரத்தத்தையும் கிருமி வளர்க்கும் சோதனைக்கு அனுப்புவீர்களா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

3. மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தால், செப்டாசிடிம் போன்ற மருந்தை இரத்தக் குழாய் வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் ஏற்றுவார்கள். கணையம் போன்ற உள்ளுறுப்பில் சீழ் இருந்தால் இன்னும் அதிக நாள் ஆகும். பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. காசநோய்க்கு ஆறு மாதமாவது மருந்து வேண்டும். "உடம்பு தேறிட்டுது" என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

4. பூட்ஸ் போட்டு வேலைக்குப் போங்கள். காயத்தைக் கழுவி மூடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

புற்றுநோய் என்றாலும் சீக்கிரம் கண்டால் அறுவைக்கு வழி இருக்கலாம். கிருமி என்றால் ஆள் பிழைக்கலாம். எதுவானாலும், சோதனை முடிவு வரும் முன் மனம் உடைந்து ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.