சோலை சுரக்கும் ஏரிகள்

உதகமண்டலத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் எமரால்டு, அவலாஞ்சி என்னும் இரண்டு ஏரிகள் அருகருகே அமைந்துள்ளன. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டரை ஒட்டிய உயரம் அது. உதகை ஏரியின் படகுத்துறை இரைச்சல் இங்கில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிவயல்களையும், தேயிலைத் தோட்டங்களையும், படுகர் ஊர்களையும் கடந்து செல்லும் சாலையில் முதலில் எமரால்டின் பசிய நீர்ப்பரப்பு கண்ணிற்படும். அதற்கும் மேற்கே அவலாஞ்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவே இப்பெயருக்குக் காரணம் என்பர். பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், பனிமலையே இல்லாத தமிழ்நாட்டில் ஓர் ஊர்ப்பெயராக நிலைத்தது விந்தைதான்.

அணை தந்த அழகு

இவ்வேரிகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு அளித்த உதவியுடன் உருவான குந்தா நீர்மின் திட்டத்திற்காக, 1960ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்களே இவை. இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. இங்குத் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே இறங்கிக் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் மின்நிலையங்களில் அடுத்தடுத்துச் சுழலிகளை இயக்குகிறது. பில்லூர் அணையிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிநீரும் செல்கிறது. ஆகவே, இவ்வமைதியான நீர்ப்பரப்பைச் சமவெளியின் ஒரு பெருநகரமும் நம்பியிருக்கிறது எனலாம்.

அணை நீரைத் தேக்கும், நீரை உண்டாக்காது. அவ்வாறாயின், மழையற்ற மாதங்களிலும் ஓடைகள் வற்றாமல் ஏரிக்கு வருவது எவ்வாறு?

சோலையும் புல்லும்

விடை, ஏரியைச் சூழ்ந்த மலைமடிப்புகளில் உள்ளது. அவலாஞ்சிக்கு அப்பால் வனத்துறையின் ஊர்தியில் செல்வோர் அங்கே இருவகை நிலங்களைக் காண்பர். மலைமுகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. ஈரம் மிகுந்த மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குறுங்காடு. காற்றுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துக் குட்டையாக வளர்ந்த மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடைபோல் கவிந்திருக்கும். கிளைகளில் பாசியும் சீதாளிச் செடிகளும் படர்ந்திருக்கும். காட்டோரத்தில் காட்டுப்பூவரசின் செம்பூக்கள் பூத்திருக்கும். தமிழர் இதனைச் 'சோலை' என்றனர். இன்று உலகெங்கும் சூழலியல் அறிஞர்கள் இக்காட்டைக் குறிக்க 'ஷோலா' என்றே எழுதுகின்றனர். ஒரு தமிழ்ச்சொல் அறிவியல் கலைச்சொல்லாக உயர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

புல்வெளி, மரங்களை இழந்த வெற்றிடம் அன்று. திசம்பர், சனவரி மாதங்களின் உறைபனியில் மரக்கன்றுகள் பல கருகிவிட, புல் மட்டும் மீண்டும் தளிர்க்கும். வரையாடுகள் அதனையே மேய்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அச்சரிவுகளில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மிகுதியாக மழை பெய்தது. சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு அது. பருவமழையின் நீரைப் புல்லின் வேர்களும் சோலையின் மட்கிய மண்ணும் உள்வாங்கி, கோடைவரை சிறுகச் சிறுகக் கசிய விடுகின்றன.

காடு போலத் தோன்றுவன

ஏரிக்கரையில் நிற்போர் பெரிதும் வியந்து படமெடுப்பது, நெடிது நிமிர்ந்த பைன் மரங்களையும் கற்பூர மரங்களையும் மஞ்சள் பூச்சொரியும் சீகை மரங்களையுமே ஆகும். அவை இம்மலைக்கு உரியன அல்ல. புல்வெளியைப் பயனற்ற தரிசு எனக் கணித்த ஆங்கிலேயர், விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூர மரத்தையும் கொணர்ந்தனர். பின்னர், தோல் பதனிடப் பயன்படும் பட்டைக்காகச் சீகை பரந்த அளவில் நடப்பட்டது. இம்மரங்கள் புல்லைக் காட்டிலும் மிகுதியாக நீரை உறிஞ்சுபவை. புல்வெளி சுருங்கியபோது தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம் குறைந்தது. அவர்தம் வளைகூரைக் கோயில்களை வேய்தற்குரிய புல்லும் அரிதாயிற்று. பசுமை என்ற ஒன்றை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இவ்விழப்பு புலப்படாது.

நீலகிரியில் சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணிகள் நடைபெற்று வருகின்றன. வெட்டுவது எளிது. ஆனால், சீகையின் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிர்ப்புடன் கிடப்பவை. தீப்பட்டால் இன்னும் விரைந்து முளைப்பவை. எனவே மரம் அகற்றப்பட்ட சரிவில், மழைக்குப்பின் எழும் கன்றுகளை மீண்டும் மீண்டும் வேரோடு பிடுங்க வேண்டியுள்ளது.