விமானத்தின் டயர் ரப்பரா, விமானமா?



விமானத்துக்கென்றே செய்த டயர் ஒன்று கப்பலில் வருகிறது. அது விமானத்தின் பாகமா? "ஆமா, இதுல என்ன சந்தேகம்" என்பீர்கள். சுங்க இலாகாவின் புத்தகமோ "இல்லை, அது ரப்பர்" என்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிற மாதிரி, நாடு விட்டு நாடு போகிற எல்லாச் சரக்குக்கும் ஒரு எண் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள உலக சுங்க அமைப்பின் இந்த எண் முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தியாயங்கள் 1 முதல் 97 வரை. 77 மட்டும் காலி. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. இந்தியாவில் இன்னும் இரண்டு சேர்த்து எட்டு இலக்கம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள்.

பறப்பவற்றுக்கு 88-ஆம் அத்தியாயம். பலூனும் கிளைடரும் 8801. விமானம், ஹெலிகாப்டர், செயற்கைக்கோள் எல்லாம் 8802. விமானத்தை எடை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 2000 கிலோ வரை, அதற்கு மேல் 15,000 கிலோ வரை, அதையும் தாண்டியவை. எடை போடும்போது விமானி, எரிபொருள் இரண்டையும் சேர்க்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இல்லாவிட்டால் டேங்க் நிரப்பினதும் விமானம் வேறு வகுப்புக்குப் போய்விடுமே!

இப்போது பாகங்கள். சுழலும் இறக்கை, தரையிறங்கும் கால் அமைப்பு போன்றவை 8807. (2022-க்கு முந்தைய புத்தகத்தில் 8803 என்று இருக்கும்.) ஆனால் சில பொருட்கள் விமானத்துக்கென்றே செய்தாலும் இதற்குள் வராது என்று விதிக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டயர் 40-ஆம் அத்தியாயம். இருக்கை 94, அதாவது வீட்டு நாற்காலியோடு. திசைகாட்டி 90. இரும்பு போல்ட் 73. ஜெட் என்ஜின் எங்கே தெரியுமா? 84. நம் வயலில் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டும் அங்கேதான் இருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. விமானிகள் பயிற்சி எடுக்கிற போலி விமான அறை தரையை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. அதற்கு 88-ல் இடம் உண்டு. பறக்க வைக்கிற என்ஜினுக்கு இல்லை. அதே என்ஜின் விமானத்தில் பொருத்தி வந்தால் தனி எண் கிடையாது. முழுதும் சேர்த்து 8802. என்ஜின் இல்லாமல் வந்தாலும், பார்த்ததும் விமானம் என்று தெரிகிற அளவுக்கு முடிந்திருந்தால் அதுவும் விமானம்தான்.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு இல்லை. எண் மாறினால் வரி மாறும். இந்தியாவில் விமான உதிரி பாகங்களின் இறக்குமதிக்கு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 5, 12, 18, 28 சதவீதம் என்று எண்ணுக்கு எண் வேறாக இருந்தது. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீதம் என்றால் 5,000. 28 என்றால் 28,000. ஒரே பொருளை ஒருத்தர் 'விமானப் பாகம்' என்பார், இன்னொருத்தர் 'சாதாரண மின்சாதனம்' என்பார். இரண்டு பேரும் புத்தகத்தைக் காட்டித்தான் பேசுவார்கள். வழக்கு முடியும்வரை பழுதான விமானம் காத்திருக்குமா? 2024 ஜூலை 15 முதல், நிபந்தனைகளோடு, எந்த எண்ணில் வந்தாலும் விமானப் பாகத்துக்கு ஒரே 5 சதவீதம் என்று மாற்றினார்கள். அந்த வரிக்கு மட்டும் சண்டை குறைந்தது. எண் போடும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

டிரோனுக்கு 2022-ல் 8806 என்று புது எண் கொடுத்தார்கள். விளையாட மட்டுமே செய்த பறக்கும் பொம்மை அதில் சேராது, அது 95.

சிந்திக்க: விமானி முன்னால் உள்ள பலகையில் பொருத்தும் கடிகாரம் எந்த அத்தியாயம்?

(விடை: 91. சுவர்க் கடிகாரம் இருக்கும் அதே அத்தியாயம்.)