மூட்டுத் தேய்வை அறிந்துகொள்வோம்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது, சில அங்கத்தினர் நெய்து கொடுக்கும் புடவைகளின் எண்ணிக்கை மாதந்தோறும் குறைந்துவருவதைக் காண்கிறோம். காரணம் கேட்டால், "தறிக்குழியை விட்டு எழ முழங்கால் இடங்கொடுக்கவில்லை" என்கிறார்கள். வயதானால் வருவதுதானே என்று அனைவரும் அத்துடன் விட்டுவிடுகிறோம். எந்த நோய் என்று பகுத்தறியாமல் விட்டுவிடுவது தவறாகும்.

எலும்புகள் கூடுமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல் அமைந்திருக்கிறது. அது நாளடைவில் மெலிந்து, எலும்பின் ஓரங்கள் தடித்து, மூட்டு இறுகுவதே மூட்டுத் தேய்வு. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை, ஓயாமல் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை ஆகியவை இதற்குக் காரணங்கள். எனவே, இது நெசவாளருக்கு மட்டுமன்றி, களையெடுக்கும் விவசாயிக்கும் உரிய பாடமாகும்.

இதை அறியும் குறிகள் வருமாறு:

1. வயது 45 அல்லது அதற்கு மேல் இருத்தல்.
2. நடக்கும்போதும் படியேறும்போதும் வலி மிகுந்து, ஓய்வில் தணிதல்.
3. காலையில் மூட்டு இறுகியிருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் இளகுதல்.

மூட்டை மடக்கி நீட்டுகையில் நறநறவென்ற உராய்வும் தென்படலாம். இக்குறிகள் பொருந்தினால், பெரும்பாலும் எக்ஸ்-ரே இல்லாமலே டாக்டர் நோயை நிர்ணயித்துவிடுவார். படத்தில் காணும் தேய்வும் வலியின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை.

காலை இறுக்கம் நெடுநேரம் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால், அது ருமட்டாய்டு வாதமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை தாமதித்தால் மூட்டுகள் சிதையும். ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து கொதித்து, காய்ச்சலும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

தேய்வு கண்டவர் முற்றிலும் படுத்துவிடலாகாது. தொடைத் தசை வலுவிழந்தால் வலி மிகும். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டிச் சில விநாடிகள் நிறுத்தி, மெல்லத் தாழ்த்துக. காலுக்குப் பத்து முறையாக நாள்தோறும் செய்துவருக. பருத்த உடலினர் 1 கிலோ எடை குறைத்தால், நடக்கையில் முழங்காலின் மீது விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. டாக்டரின் யோசனையின்றி வலி மாத்திரைகளை அன்றாடம் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அங்கத்தினரின் நெசவு குறையும்போது, குறைந்த கூலியைப் பதிவேட்டில் எழுதுவதோடு நில்லாமல், காரணத்தைக் கேட்டறிந்து அவரை வைத்தியத்துக்கு அனுப்புவதும் நிர்வாகிகளின் கடமையாகும்.